கதிரேசனையும் ஒருமுறை ஏமாற விடு

அன்புள்ள கயல்,

உன் துப்பறியும் நாவலில் நீ அனுப்பிய 11 அத்தியாயங்களையும் இரண்டே ராத்திரியில் கேட்டு முடித்துவிட்டேன். எனக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடர் நான் வைக்கிற வேகத்தில் பேசினால் அம்மாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அதனால் ரிட்டையர்டு டீச்சருக்குப் போலீஸ் உடுப்பில் வீடியோ கால் வருகிற இடத்தை மட்டும் வேகத்தைக் குறைத்து அவளுக்குப் போட்டேன். கீரையைக் கையில் வைத்துக்கொண்டு ஆயாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கதை நன்றாக ஓடுகிறது, அதில் சந்தேகமே வேண்டாம்.

எனக்குத் தகராறு உன் கதிரேசனோடுதான்.

துப்பறிகிறவனுக்குப் பார்வை இல்லை, சரி. ஆனால் 3ஆம் அத்தியாயத்தில் சென்ட் வாசனையை வைத்து ஆளைச் சொல்கிறான். 6இல் காலடிச் சத்தத்தை வைத்து உயரத்தைச் சொல்கிறான். 9இல் ‘அகக்கண்ணால் கண்டான்’ என்று வேறு வருகிறது. அந்த அகக்கண்ணை முதலில் அடித்துவிடு. எனக்குப் பொன்னாடை போர்த்திய ஒவ்வொரு மேடையிலும் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. 1914 வாக்கில் இங்கிலாந்தில் எர்னஸ்ட் பிராமா என்பவர் மாக்ஸ் கராடோஸ் என்று ஒரு பார்வையற்ற துப்பறிவாளரைப் படைத்தார். அவர் செய்தித்தாளின் தலைப்பை விரலால் தடவியே படித்துவிடுவாராம். நூறு வருஷம் தாண்டியும் நாம் அங்கேயே நிற்கலாமா?

நீ என்னை வைத்துத்தான் எழுதியிருக்கிறாய், தெரிகிறது. ‘ஹலோ சொன்னதுமே எங்கப்பா ஆள் பேரைச் சொல்லிடுவார்’ என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வாயே. வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக 31 வருஷம் போர்டு முன்னால் உட்கார்ந்தேன். தினம் அதே நூறு பேர் கூப்பிட்டார்கள். அப்படி உட்கார்ந்தால் உனக்கும் வந்துவிடும். புது ஆள் பேசினால் நானும் ‘யார் பேசுறது?’ என்றுதான் கேட்பேன்.

அவனுக்குக் கொடுக்க நிஜமான துப்புகள் கிடக்கின்றன. ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் ‘எம்’ மாதிரியே தெரியுமாமே? போலி இணைய முகவரிகளில் கண் இருக்கிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். அம்புக்குறியைத் தட்டித் தட்டி எழுத்தெழுத்தாகக் கேட்கிறவனுக்கு ஆர் ஆர்தான், என் என்தான். டீச்சரின் மகனும் மருமகளும் பார்த்துச் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்ன லிங்க்கை கதிரேசன் இப்படிப் பிடிக்கட்டும். அந்த வீடியோ காலும் அப்படித்தான். காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேஜையில் பெயர்ப்பலகை எல்லாம் டீச்சரை மிரட்ட வைத்த செட். கதிரேசனுக்கு அதெல்லாம் வீண் செலவு. அவனுக்கு வசனம் மட்டும்தான் கேட்கும், பக்கத்து இருக்கையில் ஒருவன் அதே வசனத்தை வேறு யாருக்கோ ஒப்பிப்பதும் சேர்ந்து கேட்கும்.

இன்னொன்று. அவனுக்கு வேலையில்லை என்கிறாய், ஆனால் விலை கொடுத்து வாங்குகிற ஸ்கிரீன் ரீடர் வைத்திருக்கிறான். என்விடிஏ என்று மாற்று. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் ஆரம்பித்தது, இலவசம். 8ஆம் அத்தியாயத்தில் டீச்சர் அழுதுகொண்டு வந்து சொல்லியும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் போடும்படி அவன் சொல்லவே இல்லை. பணம் மியூல் அக்கவுண்ட், அதாவது திருட்டுப் பணத்தைக் கடத்த மற்றவர் பேரில் வைத்திருக்கிற கணக்கு, ஒன்றை விட்டு இன்னொன்றாகத் தாவிக்கொண்டே இருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் வழியில் எங்காவது முடக்க வாய்ப்பு உண்டு. மூன்றாம் நாள் ஸ்டேஷனில் போய் நிற்பதற்கு அவன் எதற்கு?

வில்லனுக்கும் பார்வை இல்லாமல் இருந்தால் என்ன என்று ஒரு யோசனை. சிரிக்காதே. அமெரிக்காவில் ஜோ எங்ரேசியா என்று ஒருவர், 1949இல் பிறந்தவர், பிறவியிலேயே பார்வையில்லை. அந்தக் காலத்தில் வெளியூர் கால்கள் போகிற ட்ரங்க் லைன்களில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி போனால் லைன் சும்மா இருக்கிறது என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். இவர் வாயால் விசிலடித்தே அந்த ஒலியைக் கொண்டுவந்து, காசில்லாமல் வெளியூருக்குப் பேசினார். ஆபரேட்டர் வேலை பார்த்தவனுக்கு இதைக் கேட்டதும் கோபம் வரவேண்டும். எனக்குப் பொறாமைதான் வந்தது. கண் தெரியாதவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று எழுதுவதும் பொன்னாடைதான்.

இப்போது உனக்குச் சொல்லாத ஒன்று.

2022இல் உன் பிரசவத்துக்கு அம்மா அங்கே வந்து மூன்று மாதம் இருந்தாளே, அப்போது என் போனில் வங்கி ஆப் அப்டேட் ஆனது. அதற்கப்புறம் எங்கே தொட்டாலும் ‘பட்டன்’, ‘பட்டன்’, ‘பட்டன்’. எது எதற்கென்று எழுதி வைக்காமல் செய்திருக்கிறார்கள். போதாததற்கு முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டு என்றது. என் கண்ணை எங்கே சிமிட்ட? (இந்தச் சிமிட்டல் வழக்கு பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2025 ஏப்ரலில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது.) தெருவில் ஒரு பையன் உதவிக்கு வருவான். நல்ல பையன். அவனிடம் போனைக் கொடுத்தேன், பின் நம்பரையும் வாயால் சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. அதற்கப்புறம் கரண்ட் பில், கேஸ் எல்லாம் அவன்தான் கட்டினான்.

இரண்டு மாதம் கழித்துக் கிளைக்குப் போய் பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தேன். அந்தப் பிரிண்டர் எப்படிச் சத்தம் போடும் என்று உனக்குத் தெரியும், வரிக்கு ஒரு கீச். எனக்கு ஏழெட்டு கீச்சுக்கு மேல் வர நியாயமில்லை. எட்டு தாண்டிப் பன்னிரண்டானது, இருபதானது. நடுவில் பக்கத்தைத் திருப்பி வைத்தார்கள். மறுபடி ஓடியது. முப்பத்தைந்து எண்ணினேன். கவுண்டரில் இருந்த பெண்ணை வாசிக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை, இருந்தாலும் கேட்டேன். 300, 500, 200, மறுபடி 500. மொத்தம் 9,400 ரூபாய். போனுக்கு வந்த எஸ்எம்எஸ்களை அவன் உடனுக்குடன் அழித்திருக்கிறான்.

நான் 1930க்குப் போன் போடவில்லை. உனக்கு மேலே உபதேசம் பண்ணினேனே, அந்த நம்பர் அன்றைக்கும் எனக்குத் தெரியும். பின் நம்பரை மட்டும் மாற்றிவிட்டு, அவன் வந்தபோது ‘இனி நானே பார்த்துக்கிறேன்பா’ என்றேன். ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவனுடைய அம்மா அந்த மூன்று மாதமும் எனக்கு இட்லி கொடுத்தனுப்பினாள். அதற்கப்புறமும் அனுப்பினாள். நானும் சாப்பிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன், கதிரேசன் ஏன் ஒருமுறைகூட ஏமாறவில்லை? 11 அத்தியாயத்தில் அவன் தன் ஓடிபியை யாரிடமும் வாசிக்கச் சொல்லவில்லை. ஹெட்போன் போட மறந்து பஸ்ஸில் போன் அதை ஊருக்கே கத்திச் சொல்லவும் இல்லை. கம்போடியாவில் உட்கார்ந்திருக்கிற கும்பலைத் தேடுகிற ஆளுக்கு, தன் பின் நம்பர் தெரிந்த மூன்று பேரை நினைத்து ஒரு ராத்திரியாவது தூக்கம் கெட வேண்டாமா? அந்த ராத்திரியை எழுது. என்ன சந்தேகம் இருந்தாலும் என்னிடம் கேள், சொல்கிறேன்.

12ஆம் அத்தியாயத்தை வேர்டு ஃபைலாக அனுப்பு. போன தடவை மாதிரி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் எனக்கு ‘இமேஜ்’ என்ற ஒரே சொல்தான் கேட்கும்.

இதில் ன, ந தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். என் மெஷின் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்லும். வழக்கமாக அம்மா ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுப்பாள். இதை அவளிடம் காட்டவில்லை.

அன்புடன்,
அப்பா