செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்கள் வந்தவர்களைவிட அதிகம் என்பதால் இந்த அறிக்கையை நம் வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். அவசியம் படியுங்கள்.

சுதந்திர தினம், குடியரசு தினம், பொங்கல் விழா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பாதித் தெருவுக்கு வேலை முடிந்தது, மீதிக்கு மறுபடி மனு கொடுத்திருக்கிறோம். கண் பரிசோதனை முகாமும் நடந்தது.

இனி, பலரும் என்னிடம் நேரிலும் முதுகுக்குப் பின்னாலும் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழுவில், இரவில் கடை வாசல்களில் ஆட்கள் படுக்கிறார்கள், சங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டீர்கள். போலீஸைக் கூப்பிட்டு எழுப்பி விடுவதுதான் நடவடிக்கை என்று சிலர் நினைத்தார்கள். எழுப்பி விட்டால் அடுத்த தெருவுக்குப் போவார்கள், ஒரு வாரத்தில் திரும்பி வருவார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் பல வருடமாக இதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்? அதனால்தான் வேறு வழியில் போனேன்.

நம் தெருக்களில் படுப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. ஒரு பக்கம் குடும்பங்கள். பிளாட்பாரத்திலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்தவர்கள். பலரிடம் வாக்காளர் அட்டைகூட உண்டு. கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் மீன்பாடி வண்டி, பூக்கட்டு, வீட்டு வேலை என்று அவர்கள் பிழைப்பு இங்கேதான் இருக்கிறது. 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்பில் அரசு வீடு கொடுத்தால், விடிகாலை வேலைக்கு எப்படி வந்து சேர்வார்கள்? சிலர் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே திரும்பிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு பக்கம் தனியாள்கள். வயதானவர்கள், நோயாளிகள், மனநலம் குன்றியவர்கள். நாம் அதிகம் புகார் சொல்வது இவர்களைப் பற்றித்தான், அதிகம் உதவி தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான்.

மழைக்காலத்தில் நம் சங்கப் படிக்கட்டில் ஒரு பெரியவர் படுத்திருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் இங்கே மூட்டை தூக்கியவர். சர்க்கரை நோய், வலது பாதத்தில் புண். தண்ணீர் படாமலிருக்கப் புண்ணின் மேல் பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். சட்டைப் பையில் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. 'தினமும் கட்டு மாற்றவும், காலை ஊன்றாமல் ஓய்வெடுக்கவும்' என்று அதில் எழுதியிருந்தார்கள். முகவரி என்ற இடத்தில் 'பிளாட்பாரம்' என்று எழுதியிருந்தது.

அவரைக் கூட்டிக்கொண்டு வீடற்றவர்களுக்கான ஒரு காப்பகத்துக்குப் போனேன். புண்ணைக் கவனிக்க எங்களிடம் நர்ஸ் இல்லை, ஆறிய பிறகு கூட்டி வாருங்கள் என்றார்கள். மருத்துவமனையில் கேட்டால், சிகிச்சை முடிந்தது, படுக்கைக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்றார்கள். முதியோர் ஓய்வூதியத்துக்கு ஆதார் கேட்டார்கள். ஆதார் எடுக்கப் போனால் முகவரிச் சான்று கேட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் அலுவலகத்தில் சரிதான். எல்லாச் சரியும் சேர்ந்து அந்தப் பெரியவரைத் திரும்ப நம் படிக்கட்டுக்கே அனுப்பின.

அதனால்தான் மாதத்தின் முதல் சனிக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்தேன். காப்பகப் பொறுப்பாளர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், வருவாய்த் துறையிலிருந்து ஒருவர், காவல் நிலையத்திலிருந்து ஒருவர் என்று எல்லாரையும் நம் அலுவலகத்தில் ஒரே மேசையில் உட்கார வைத்தோம். ஒரு நோட்டு, ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். யார் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்று அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நோட்டில் பெரியவருக்கான பக்கத்தின் முதல் வரி, செவிலியர் காப்பகத்துக்கே போய்க் கட்டு மாற்றுவார் என்பது. அதைக் கேட்டதும் காப்பகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையம் வைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்திட்டால் அதுவே முகவரிச் சான்று. இது அந்தக் காப்பகத்துக்கே அன்றுதான் தெரியவந்தது. இப்போது ஆதார் வந்துவிட்டது. மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. புண் பெரும்பாலும் ஆறிவிட்டது.

இதெல்லாம் செயலாளரின் சொந்த ஆசை என்று பேசுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் இரவு பகல் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. அதன்பின் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலும் கூரையோடு நிறுத்தவில்லை. காப்பகத்தில் இருப்பவருக்கு அடையாள அட்டை, ரேஷன், ஓய்வூதியம், மருத்துவம் எல்லாம் கிடைக்க வழிசெய்யச் சொன்னது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவை நம் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். மனநலம் குன்றி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் அலைபவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு மனநோய் இல்லை, ஆனால் வீடும் இல்லை என்றால், அரசுக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். போலீஸ், மருத்துவமனை, காப்பகம் மூன்றையும் சட்டமே ஒரு பிரிவில் சேர்த்து வைத்திருக்கிறது. 2001இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த மாநிலம் இது. இந்தச் சட்டம் நமக்கு வெறும் காகிதமாக இருக்கக் கூடாது. பழைய வங்கி வாசலில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த அம்மா இந்தப் பிரிவின்படிதான் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். சிகிச்சை இலவசம், அதற்கு வறுமைக்கோட்டு அட்டை கேட்க முடியாது.

நோட்டில், காசநோய் மருந்து சாப்பிடும் ஒரு தம்பியின் பக்கம் மட்டும் இன்னும் முடியவில்லை. மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. சத்துணவுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில்தான் வரும், அவருக்குக் கணக்கு இல்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வாந்தி வருகிறது, பாதியில் நிறுத்திவிடுகிறார். நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகலாம், அது நம் எல்லாருக்கும் ஆபத்து. வீடு ஒதுக்கும் அலுவலகத்திலிருந்து இதுவரை ஒருவரும் கூட்டத்துக்கு வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அவர்கள் வராமல் குடும்பங்களின் விஷயத்தில் ஒரு அடிகூட நகராது.

வேலைக்கு ஆள் வரவில்லை என்பது என் மனக்குறை. மருத்துவமனையில் கூட இருக்க ஆள் கேட்கிறார்கள் என்பதால் உறுப்பினர்களுக்கு முறை வைத்துப் பட்டியல் போட்டோம். ஆரம்பத்தில் ஒழுங்காக நடந்தது. அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் போனது நானும், இரண்டு கல்லூரி மாணவர்களும், டீக்கடைத் தம்பியும்தான். அந்தத் தம்பி நம் உறுப்பினர்கூட இல்லை. இந்த வேலையைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர்கூட ஒரு சனிக்கிழமையும் வந்து பார்க்கவில்லை.

சந்தா மாதம் 50 ரூபாய். பாதிப் பேருக்கு மேல் நிலுவை, அதில் செயற்குழுவினரும் உண்டு. பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டலாம் என்று யோசனை வந்தது. பழகிய முகங்கள் என்பதால் நான் வேண்டாமென்றேன். இந்த மாத இறுதிக்குள் கட்டிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, கடன் இல்லை. கட்டுத்துணி, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் தனியாக வந்த நன்கொடையில் செய்தது, சந்தாப் பணத்தில் கை வைக்கவில்லை. ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், காவல் நிலையத்தாருக்கும், சுகாதார நிலையத்தாருக்கும், மைக் செட் கொடுத்தவருக்கும் நன்றி. விடுமுறை நாளிலும் வந்து கட்டு மாற்றிய செவிலியர் சகோதரிக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் நோட்டை முழு மனதோடு ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன், ஆனால் தனியாளாக முடியாது. டிஸ்சார்ஜ் ஆனவர் புண் ஆறும்வரை தங்க, தரைத்தளத்தில் கழிப்பறையோடு ஓர் அறை தேவை. நம் உறுப்பினர்கள் சிலரிடம் பூட்டிக் கிடக்கும் குடோன்கள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். வாடகை பேசிக்கொள்ளலாம். அடுத்த கூட்டம் வரும் முதல் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. சாவி வைத்திருப்பவர்கள் அன்று வந்தால் அன்றே பேசி முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்