பதக்கம் வாங்கிய புத்தகங்கள் எங்கள் ஊருக்கு எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக அளவில் விருது வாங்கிய சிறுவர் நூல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரைப் பக்கம் ஒதுக்கி, அட்டைப் படங்களோடு போட்டிருந்தீர்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, "தாத்தா, இதுல எதெல்லாம் நமக்குக் கிடைக்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது ஒரு புத்தகத்துக்குக் கொடுப்பது என்று கட்டுரையில் இருந்தது. 1956இல் தொடங்கியபோது அப்படித்தான். பிறகு அதை மாற்றி, ஓர் எழுத்தாளர் வாழ்நாளில் செய்த மொத்த வேலைக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். 1966 முதல் ஓவியர்களுக்கும் தனியாக உண்டு.

நான் மில்லில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளிநாட்டுச் சிறுவர் நூல் என்பது எட்டாத பொருளாக இருக்கவில்லை. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்று வந்தது. சம்பள நாளன்று யூனியன் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு அடுக்கியிருப்பார்கள். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். விலையோ டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான். என் மகன் பனியையே பார்த்ததில்லை, ஆனால் பனிக்காட்டில் கரடி நடந்து போவதை வரைந்து வீட்டுச் சுவரெல்லாம் ஒட்டிவைத்தான். 1991இல் சோவியத் நாடு உடைந்தது, அந்த வரத்தும் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் அந்த இடத்தை முழுசாக நிரப்ப யாரும் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாளையங்கோட்டையில் நடந்த பொருநை புத்தகத் திருவிழாவில் பேத்திக்கு ஒரு மெல்லிய புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ஈரான் நாட்டுக் கிராமப் பள்ளி ஆசிரியர் சமத் பெஹ்ராங்கி எழுதிய சின்னக் கறுப்பு மீன் கதையின் தமிழாக்கம். மூலத்துக்குப் படம் வரைந்த ஃபர்ஷீத் மெஸ்காலிக்கு 1974இல் ஆண்டர்சன் விருது கிடைத்தது. ஓடையில் அம்மாவோடு வாழும் ஒரு மீன் குஞ்சு, இந்த ஓடை எங்கே போய் முடிகிறது என்று பார்க்கக் கிளம்புகிறது. அவ்வளவுதான் கதை. பேத்தி திண்ணையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தாள். முடித்துவிட்டு, "நம்ம ஆறு எங்க போயி முடியுது தாத்தா?" என்றாள்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது என்று பாடத்தில் படித்துப் பரீட்சையிலும் எழுதியவள்தான் அவள். ஆனால் அன்றைக்குத்தான் அது அவளுக்கு ஒரு கேள்வியாக ஆனது. மறுநாள் பாபநாசம் கோயில் படித்துறைக்குப் பொரி வாங்கிக்கொண்டு போனோம். மீன்கள் வாயைத் திறந்து மொய்த்தன. அவள் பொரியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "இதுல எது கடல் வரைக்கும் போகும்?" என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதையின் முடிவில், கிழட்டு மீன் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு 11,999 குஞ்சுகள் தூங்கப் போய்விடும். ஒரே ஒரு சிவப்பு மீனுக்கு மட்டும் தூக்கம் வராது. அன்று ராத்திரி என் பேத்தியும் வெகுநேரம் புரண்டுகொண்டே கிடந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மகன் பெங்களூரிலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தான். ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் வரைந்தது. இவருக்கு 2011இல் ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருது கிடைத்திருக்கிறது. மனைவியையும் மகளையும் விட்டுப் பிழைப்புக்காகக் கண்காணாத ஊருக்குப் போகும் ஒரு மனிதனின் கதை. கதையைச் சொல்ல ஒரு வரிகூட எழுத்து கிடையாது, எல்லாம் படம்தான். எதிர்வீட்டுப் பையனின் அப்பா சவுதியில் வேலை பார்க்கிறார். அவன் முதல் சில பக்கங்களைப் பார்த்தான். குடும்பப் போட்டோவைச் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிற படம் வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது. "எங்க அப்பாவும் போட்டோவத்தான் கடைசியா வச்சாங்க" என்றான். கப்பல் பயணத்தைக் காட்ட, இரண்டு பக்கம் நிறைய சின்னச் சின்னக் கட்டமாக மேகங்களை வரைந்திருக்கிறார். அவன் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு நாள் என்று எண்ணிக்கொண்டு வந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பையன் அவன். இப்படிப்பட்ட புத்தகத்துக்கு மொழிபெயர்ப்புச் செலவுகூட இல்லையே. நூலகங்கள் இதை வாங்க என்ன தடை?

நூலகம் என்றதும் ஒரு வருத்தமும் சேர்ந்து வருகிறது. நான் போகும் ஒரு நூலகத்தில் சிறுவர் நூல்களில் நல்லவற்றையெல்லாம் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம். கிழியட்டுமே, படித்துத்தானே கிழிக்கிறார்கள்! சென்னை தாரா புக்ஸ் கையால் அச்சிட்டு, கோண்டு பழங்குடி ஓவியர்கள் மரங்களை வரைந்த புத்தகம் 2008இல் இத்தாலியின் பொலோனியா சிறுவர் புத்தகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. நம் மாநிலத்தில் செய்த புத்தகம் கடல் தாண்டிப் போய்விட்டது, எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தமிழாக்கத்தின் தமிழையும் கவனிக்க வேண்டும். ஒரு கதையில் "அவன் தோள்களைக் குலுக்கிக்கொண்டான்" என்று வந்தது. பேத்தி, "அவனுக்குத் தோள்ல என்ன ஆச்சு?" என்றாள். தெரியாது என்று காட்ட நம் பக்கம் உதட்டைப் பிதுக்குவோம், கையை விரிப்போம். பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து மொழிபெயர்த்தால் இந்தக் கோளாறு வராது. பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தில் கொடுக்கும் சின்னப் புத்தகங்களைப் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாக எடுக்கிறார்கள் என்று பாருங்கள். தமிழ் எளிதாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம். பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கோவில்பட்டியில் உதயசங்கர் இருக்கிறார். 2023இல் சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்ய புரஸ்கார் வாங்கியவர், மலையாளத்திலிருந்து நிறைய மொழிபெயர்த்தவர். இந்த வேலை தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும், சரியான கூலியும் கொடுக்க வேண்டும், பெயரையும் அட்டையில் போட வேண்டும். 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. பதிப்பாளர்கள் மொழிபெயர்ப்பு உரிமை பேசிக்கொள்ளும் இடம் அது. அங்கே பரிசு வாங்கிய சிறுவர் நூல்களின் தமிழ் உரிமையை முதலில் கேட்டு வாங்குங்கள் என்று அரசையும் பதிப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டர்சன் விருதைக் கொடுக்கிற அமைப்பை 1953இல் உருவாக்கியவர் யெல்லா லெப்மான் என்ற அம்மையார். யூதர் என்பதால் ஜெர்மனியை விட்டு ஓடியவர், போர் முடிந்ததும் அங்கேயே திரும்பி வந்தார். ஊரெல்லாம் இடிபாடு, பிள்ளைகளுக்குச் சோறே இல்லை. அந்த நிலையில் 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதிச் சிறுவர் புத்தகங்கள் கேட்டு வாங்கி, 1946இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். சண்டை பிடிக்காமல் மரத்தடியில் பூவை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு காளையின் கதையைத் தாமே மொழிபெயர்த்து, செய்தித்தாள் தாளில் 30,000 பிரதி அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். செய்தித்தாள் தாளில்!

அதே தாள் தங்களிடம் வாரா வாரம் ஓடுகிறது. விருதுச் செய்தியோடு நிறுத்தாமல், முறையாக அனுமதி வாங்கி, மாதம் ஒரு கதையையாவது தமிழில் போடுங்கள். கூடவே அந்தப் புத்தகம் தமிழில் உண்டா, யார் வெளியிட்டது, என்ன விலை என்று நாலு வரி சேருங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

வருகிற விடுமுறையில் பேத்தியையும் எதிர்வீட்டுப் பையனையும் புன்னைக்காயலுக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றை ஒட்டியே பஸ் மாறி மாறிப் போவதாகத் திட்டம். ஆறு கடலில் சேருகிற இடத்தில் என்ன பார்த்தோம் என்று எழுதி அனுப்பினால் போடுவீர்களா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் தொழிலாளி,
விக்கிரமசிங்கபுரம்