365 ஆம் பிரிவு: தமிழ் பேசும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

தற்பாலீர்ப்பாளரைக் குற்றவாளிகளாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைப் பற்றி உங்களில் ஒருவராவது தமிழ் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் இந்த மடல்.

1883 இல் பிரித்தானியர் கொண்டுவந்த சட்டக்கோவை அது. 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு 10 வருடம் வரை சிறை என்கிறது 365. 365அ இன்படி 'பாரதூரமான ஒழுக்கக்கேட்டுக்கு' 2 வருடம் வரை. எது ஒழுக்கக்கேடு என்று சட்டம் சொல்லவில்லை, பொலிஸ்காரர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதுதான். எங்கள் கலாசாரம் என்று இன்று சிலர் கட்டிக்காப்பது விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டத்தை.

1995 இல் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். பெண் பிள்ளைகளுக்கான சம்மத வயதை 12 இலிருந்து 16 ஆக்கிய நல்ல திருத்தம் அது. ஆனால் அதே கையோடு, ஆண்களை மட்டும் சுட்டிய 365அ பிரிவை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். அதுவரை சட்டத்தின் கண்ணில் படாத பெண்களும் குற்றவாளிகளானார்கள். நீக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்குக் கிடைத்த 'சமத்துவம்' இதுதான்.

தற்பாலீர்ப்பாளருக்கான கம்பேனியன்ஸ் ஒன் எ ஜேர்னி என்ற அமைப்பு கொழும்பில் தொடங்கியதும் அதே வருடம்தான். 1999 இல் லெஸ்பியன் பெண்களின் மாநாடு பற்றிய பேச்சு எழுந்தபோது, தண்டனை பெற்ற வல்லுறவுக் குற்றவாளிகளை அங்கே அவிழ்த்துவிட வேண்டும் என்று ஒருவர் எழுதிய கடிதத்தை கொழும்பு ஆங்கில நாளிதழ் ஒன்று பிரசுரித்தது. கம்பேனியன்ஸ் அமைப்பின் ஷெர்மன் டி ரோஸ் பத்திரிகைப் பேரவையிடம் முறையிட்டார். பேரவை முறைப்பாட்டைத் தள்ளியதோடு நிற்கவில்லை. முறையிட்டவரே பத்திரிகைக்குப் பணம் கட்ட வேண்டும் என்றது!

அப்படியும் அவர்கள் ஓயவில்லை. 2004 இல் ஈக்குவல் கிரவுண்ட் என்ற உரிமை அமைப்பு உருவானது. அதன் நிறுவனர் ரொசானா ஃபிளேமர்-கல்டேரா பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவுக்கு முறையிட்டார். இலங்கை அவருடைய உரிமைகளை மீறியிருக்கிறது என்று 2022 இல் அந்தக் குழு சொன்னது. அதே வருடம் ஜூனில், அரசாங்கத்துக்கு எதிரான மக்கள் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலிமுகத்திடலில் வானவில் கொடிகளோடு ஊர்வலம் போனது.

இந்தியாவில் இதே போன்ற 377 ஆம் பிரிவை 2018 இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. இங்கே அப்படி நடக்க வழியில்லை. அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, பழைய சட்டம் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. ஆகவே இங்குள்ள அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் நினைத்தாலும் 365 ஐத் தூக்கிப் போட முடியாது. அதனால் செய்ய முடிந்ததை அது செய்துவிட்டது. இந்தப் பிரிவுகளை மாற்றுவதற்கு அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. சிறுவர் துஷ்பிரயோகம் பெருகும் என்றெல்லாம் மனுதாரர்கள் வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. சாதாரண பெரும்பான்மை போதும். இருந்தும் அது வாக்கெடுப்புக்கு வரவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது.

'இந்தச் சட்டத்தில் இப்போது யாரைத்தான் பிடிக்கிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் ஓர் அறை எடுத்திருந்தார்கள். வெளியேறும்போது வீட்டுக்காரர் முற்பணத்தைத் தரவில்லை. கேட்டதற்கு, "பொலிசுக்குப் போவமா? போனா ஆருக்குப் பிரச்சினை எண்டு தெரியும்தானே" என்றாராம். காசை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். எந்த வழக்குப் புத்தகத்திலும் இது ஏறாது.

சும்மா கிடக்கும் சட்டம் என்னவெல்லாம் செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1979 இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி ஜெனீவா வரை போய்ப் பேசியவர்கள் நீங்கள். அங்கே பேசும் உரிமையில் யாழ்ப்பாணத்துத் தற்பாலீர்ப்பாளருக்கும் மட்டக்களப்புத் திருநங்கைக்கும் ஹட்டன் லயத்துப் பெண்ணுக்கும் பங்கில்லையா? கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் என்ன சொல்லுமோ என்ற உங்கள் பயம் புரிகிறது. திருமணச் சட்டத்தை மாற்றுங்கள் என்று இந்த மடலில் நான் கேட்கவில்லை. வயது வந்தவர்களைச் சிறைக்கு அனுப்பும் இரண்டு பிரிவுகளை நீக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்களில் ஒருவர் அந்தச் சட்டமூலத்தை மறுபடியும் கொண்டுவாருங்கள். வேறு யாராவது கொண்டுவந்தால், வாக்கெடுப்பு நேரம் பார்த்துத் தேநீருக்கு எழுந்து போகாமல் ஆசனத்தில் இருங்கள். ஆதரவோ எதிர்ப்போ, காரணத்தைத் தமிழில் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் பதியுங்கள். அடுத்த தேர்தலில் வீடு வீடாக வரும்போது அதையும் கேட்பேன்.

இப்படிக்கு,
வடக்கிலிருந்து ஒரு வாக்காளர்