ஓட்டாத மணித்தியாலத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்: ஏஸெட் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் ரொறொன்ரோவை அண்டிய ஒரு கொலிஜில் ட்ரக் ஓட்டப் பழக்குபவன். அதற்கு முதல் நீண்ட காலம் நானே ஓட்டியவன். 401 நெடுஞ்சாலையிலும் ஓடியிருக்கிறேன், பனிக்காலத்தில் 17ஆம் நெடுஞ்சாலையால் தண்டர் பே தாண்டியும் போய் வந்திருக்கிறேன். ஏஸெட் லைசென்ஸ் (பெரிய ட்ரெய்லர் ட்ரக் ஓட்டுகிற ஏ லைசென்ஸும் எயார் பிரேக்குக்கான ஸெட்டும் சேர்ந்தது) எடுக்கலாம் என்று யோசிக்கிற தம்பிமார் தங்கச்சிமாருக்கும், அவர்களுக்காகச் சீட்டுக் காசை எடுத்துக் கட்டுகிற அப்பா அம்மாவுக்கும்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். நீங்கள் ஓட்டாத மணித்தியாலத்துக்கு ஓட்டினேன் என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

யார் அப்படிப் போடுவார்கள் என்று கேட்பீர்கள். போடுகிறார்கள். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், வேலை தேடிப் போன இடத்தில் ரோட் டெஸ்டில் விழுந்துவிட்டு, "அண்ணை, கொஞ்சம் பழக்கி விடுங்கோ" என்று எங்களிடம் வருவார்கள். அவர்களோடு கதைத்தால் தெரியும். ஒரு ட்ரக்கில் நாலு பேர் ஏறி, ஒருவர் ஓட்ட மூன்று பேர் பின்னால் இருந்து பார்த்திருக்கிறார்கள், நேரம் நாலு பேருக்கும் எழுதப்பட்டிருக்கிறது. கடைசி நாள் தாளை நீட்டினார்கள், போட்டுவிட்டேன் என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாடகையும் மோர்ட்கேஜும் கழுத்தை நெரிக்கிற நேரத்தில் இரண்டு கிழமை முந்தி வேலைக்குப் போகலாம் என்றால் யாருக்கும் கை போகும்.

ஒன்ராறியோவில் 2017 ஜூலை 1 முதல் புதிதாக ஏ லைசென்ஸ் எடுப்பவர்கள் கட்டாயம் பயிற்சி முடிக்க வேண்டும். மெல்ட் என்று சொல்வது இதைத்தான். கனடாவில் இதை முதலில் கொண்டுவந்த மாகாணம் எங்களுடையது. மொத்தம் குறைந்தது 103.5 மணித்தியாலம், அதில் 50 மணித்தியாலம் ஸ்டியரிங்கில். அந்த 50க்குள்தான் பின்னுக்கு எடுத்துப் பழகுவதும் வரும். நீங்கள் கட்டுகிற காசின் பெரும் பகுதி இந்த 50க்குத்தான், ஏனென்றால் ட்ரக், டீசல், இன்சூரன்ஸ், பழக்குபவரின் சம்பளம் எல்லாம் அதில்தான் போகிறது. அதனால் ஒரு பள்ளி வெட்டப் பார்த்தால் முதலில் வெட்டுவதும் இதைத்தான். மலிவாக இருக்கிறதே என்று போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

போன பனிக்காலத்தில் அப்படி வந்த ஒருவர், இரண்டு பிள்ளைகளின் அப்பா, நல்ல கவனமான மனிதர். ட்ரெய்லரைப் பூட்டச் சொன்னேன். மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார், 'டக்' என்று சத்தம் கேட்டது, இறங்கி எயார் லைன், மின்சார வயர் எல்லாம் கொழுவி, ட்ரெய்லர் தனியே நிற்க ஊன்றியிருக்கிற முட்டுக் காலைச் சுழற்றித் தூக்கத் தொடங்கிவிட்டார். நிறுத்துங்கோ, டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே பாருங்கோ என்றேன். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஃபிஃப்த் வீல், அதாவது ட்ரக்கின் பின்னால் ட்ரெய்லரைத் தாங்கிப் பூட்டுகிற தட்டுக்கும் ட்ரெய்லரின் அடித் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது, பின்பக்கத்தால் எட்டிப் பார்த்தால் ட்ரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற கிங்பின் என்ற ஆணியைச் சுற்றித் தட்டின் பூட்டுத் தாடை முழுதாக மூடியிருக்க வேண்டும், அப்புறம் ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டுக்கொண்டு முன்னுக்கு மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். ட்ரெய்லர் கொஞ்சம் உயரமாக நின்றால் கிங்பின் தாடைக்கு மேலாலேயே போய் உட்கார்ந்துவிடும், சத்தமும் கேட்கும், பூட்டியது போலவே இருக்கும், ஒரு வளைவில் கழன்று போகும். லைசென்ஸ் வைத்திருந்த அந்த மனிதருக்கு இதை ஒருவரும் காட்டவில்லை. ஆனால் அவருடைய தாளில் அந்த இடத்தில் அவருடைய கையெழுத்து இருந்திருக்கிறது. அவர் பனியில் முழங்காலில் இருந்து அந்தத் தாடையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அந்தத் தாளை நீட்டியவர்கள் மேல் வந்தது, இன்னும் இருக்கிறது.

"லைசென்ஸ் கையில இருந்தாப் போதும், மிச்சத்தை ரோட்டில பழகலாம்" என்று சொல்லித் தருகிறவர்கள் நம் ஆட்களிலேயே நிறையப் பேர். சரி, மணிக்கு 90 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில், காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக் உள்ள பாரமேற்றிய ட்ரக் ஒன்று ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து முழுதாக நிற்க 125 மீட்டருக்கு மேல் வேண்டும். பழகுவதற்குப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். தனியே ரோட்டில் போனால் நீங்கள் பழகுவது முன்னால் போகிற காரில் இருக்கிற குடும்பத்தின் மேல்தான்.

2018 ஏப்ரல் 6ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் புரோங்கோஸ் என்ற ஹொக்கிப் பிள்ளைகளின் பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். ட்ரக்கை ஓட்டியவர் குடித்திருக்கவில்லை, போனும் கதைக்கவில்லை. அவருக்கு வயது 29, எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர், அந்த வேலையில் சேர்ந்து மூன்று கிழமை. இரண்டு ட்ரெய்லர் பூட்டிய வண்டியில் பின்னால் அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாயைப் பார்த்தபடி ஸ்டொப் சைனைத் தாண்டிவிட்டார். எட்டு வருடச் சிறை. அடுத்த வருடம் சஸ்காச்சுவானும் 121.5 மணித்தியாலப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டம் வர எத்தனை வீட்டில் பிள்ளை போனது என்பதை நினைத்தால், மணித்தியாலத்தைக் களவெடுப்பதை ஒரு சின்ன விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

டெஸ்டில் பாஸ் பண்ணினால் ஓட்டத் தெரியும்தானே என்பார்கள். ஒன்ராறியோவின் கணக்காய்வாளர் நாயகம் 2019இல் பார்த்தபோது, தங்கள் சாரதிகளைத் தாங்களே சோதிக்க அனுமதி பெற்ற கம்பனிகளில் 95 வீதம் பாஸ், எல்லோரும் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகிற டிரைவ்டெஸ்ட் நிலையங்களில் 69 வீதம். பாஸ் என்பது யார் சோதித்தார் என்பதையும் பொறுத்தது. ஐஸ் ரோட்டில் ட்ரெய்லர் பக்கவாட்டில் வரத் தொடங்கும்போது உங்களோடு இருக்கப் போவது அந்தத் தாள் இல்லை.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை "இன்றைக்கு எவ்வளவு நேரம் ஓட்டினாய்" என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாளும் பதில் சொல்லட்டும். ஒரு கொப்பியில் திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ட்ரக் இலக்கம் எழுதி வைக்கட்டும். பள்ளியின் தாளும் அந்தக் கொப்பியும் ஒத்துப்போகாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம், மிச்ச நேரத்தைக் கேளுங்கள், தராவிட்டால் மாகாணத்தில் இந்தக் கல்லூரிகளை மேற்பார்க்கிற சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். ஊர்க்காரர், தெரிந்தவர் என்று தயங்க வேண்டாம். தெரிந்தவர் என்றால் இன்னும் நேர்மையாக அல்லவா பழக்கியிருக்க வேண்டும்?

காசு கட்ட முதல் ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளியின் யார்டுக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். எத்தனை ட்ரக் ஓடுகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், பழக்குபவர் இறங்கி நின்று பார்க்கிறாரா அல்லது ஒஃபிசுக்குள் இருக்கிறாரா என்று பாருங்கள். ஒருவர் ஓட்ட மற்றவர்கள் நேரம் போக்கிக்கொண்டு இருந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள், வேறு இடம் தேடலாம்.