எட்டு கிலோ ஈரம்

கோத்தகிரி,
வியாழன் இரவு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை விடவில்லை, கரண்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து நன்னடத்தைப் பரீட்சை வைத்தார்களாமே! இருபது கேள்விக்கும் சரியான கட்டத்தைத் தொட்டால் நல்லவன் என்று சான்றிதழா? அரிஸ்டாட்டில் கேட்டால் சிரிப்பார்.

வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனார் ஆகிறான், நியாயமும் துணிவும் அப்படியே செய்து செய்து படிவது என்றவர் அவர். தேயிலைக் கொழுந்து பறிப்பதும் அப்படித்தான். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். விரலுக்கு வர மாதக்கணக்காகும்.

சரி, என் கதையைக் கேள். செவ்வாய்க்கிழமை 62 கிலோ இலை போட்டேன். ஈரம் என்று இலை வாங்கும் ஏஜென்ட் 8 கிலோ கழித்தார். மழையில் பறித்தது, ஈரம் இருக்கும்தான். அதற்காக எட்டா? நான் வாயே திறக்கவில்லை. சிரித்தபடி சீட்டை வாங்கிக்கொண்டேன், நாளைக்கும் அவரிடம்தானே போட வேண்டும். வீட்டுக்கு வந்து பறிக்கிற அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "சாக்கை மூடி வைக்கத் தெரியாதா?" அவர் பதில் பேசவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தன் மழைத்தாளைத்தான் சாக்கின் மேல் போட்டிருந்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

யாரிடம், எவ்வளவு, எப்போது கோபப்படுவது என்பதுதான் கஷ்டம் என்கிறார் அரிஸ்டாட்டில். அவர் கணக்கில் எனக்கு ஒரே நாளில் இரண்டு தப்பு: அங்கே குறைவு, இங்கே அதிகம். வள்ளுவர் இன்னும் பொல்லாதவர். 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்', அதாவது கோபம் பலிக்கிற இடத்தில் அடக்குகிறவனே அடக்குகிறவன் என்று சொல்லிவிட்டு, செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கை கழுவிவிடுகிறார். ஏஜென்ட்டிடம் நான் காட்டிய பொறுமைக்கு அவரிடம் மார்க்கே கிடையாது.

நடுவில் ஐரோப்பாவில் தத்துவவாதிகளில் காண்ட் கடமையைப் பேசினார், மில் செயலின் விளைவைப் பார்த்தார். 'நான் எப்படிப்பட்ட ஆள்' என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. 1958-இல் எலிசபெத் ஆன்ஸ்கம்ப் என்ற தத்துவவாதி ஒரு கட்டுரையில் இரண்டு தரப்பையும் ஒரு பிடி பிடித்தார். மனத்தின் போக்கு சரியாகப் பிடிபடும்வரை அறவியலை ஓரமாக வைக்கலாம் என்றார். 1981-இல் மெக்கின்டயர் என்ற இன்னொரு தத்துவவாதி அரிஸ்டாட்டிலையே திரும்பக் கூட்டிவந்தார். எனக்கு ஆன்ஸ்கம்பைத்தான் பிடிக்கும், பூசி மெழுகாதவர்.

உன் பரீட்சையில் நானும் பாஸாகியிருப்பேன். கூலியில் பைசா பிடிக்கவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. அந்த நனைந்த தலைக்கு அதில் கட்டம் இல்லை.

மறுநாள் அக்காவிடம், "நேத்து நான் பேசினது தப்பு" என்றேன். "இலை வாடுது, எடைக்குக் கொண்டுபோங்க" என்றார். ஏஜென்ட்டிடம் இன்னும் கேட்கவில்லை. சனிக்கிழமை மறுபடி எடை. அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே இருக்கிறது.

உன்,
ராமு