டிவியை அணைத்தவன்

ஏற்காடு,
ஆடி மாதம், சனிக்கிழமை

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். நீ கோபித்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்து இறங்கி ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது. போனில் பேசலாம்தான். ஆனால் ரெண்டாவது நிமிஷம் நீ கத்துவாய், மூணாவது நிமிஷம் நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் நடுவில் உன்னால் மூக்கை நுழைக்க முடியாது. அந்த வசதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்லண்டில் அடங்காது என்று பேத்தியின் நோட்டில் தாள் கிழித்திருக்கிறேன், கோடு கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் சேதி. மழை பரவாயில்லை. பேரிக்காய் நிறையக் காய்த்திருக்கிறது, பாதி குரங்குக்கு. போன வாரம் காட்டெருமை ஒன்று வேலியைச் சாய்த்துவிட்டு, மிளகுக்கொடி ஏற்றியிருந்த சவுக்குமரத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. உன் தங்கச்சிக்கு முட்டிவலி அப்படியேதான். ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள், தைலத்திலேயே ஓட்டுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மே 10 சாயங்காலம் பாகிஸ்தானோடு சண்டை நிறுத்தம் என்று டிவியில் ஓடினபோது நான் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “இன்னும் நாலு நாள் விட்டிருந்தா முடிச்சிருப்பாங்க.” அதற்கு நீ, “காலையில சேர்வராயனுக்குக் கற்பூரம் காட்டிட்டு, சாயங்காலம் குண்டு போடச் சொல்றான் பாரு! இதுக்குத்தான்டா சாமியே வேண்டாங்கறேன்” என்றாய். பிறகு நடந்தது ரெண்டு பேருக்கும் தெரியும். காஷ்மீரில் பஹல்காமில் தீவிரவாதிகள் சுட்டு 26 பேர் செத்ததை நான் இழுத்தேன். நீ சிலுவைப் போரில் ஆரம்பித்தாய். அறுபத்தஞ்சு வயதில் ரெண்டு பேரும் எட்டாங்கிளாஸ் பையன்கள் மாதிரி எழுந்து நின்றுகொண்டு கத்தினோம்.

நீ போனபிறகு ஒரு வாரம் உனக்குப் பதில் தயார் பண்ணினேன். வாத்தியார் புத்தி, விடுமா? சாமி இருப்பதால்தான் யுத்தம் என்கிறாயே, அப்படியானால் 1939ஐ எடுத்துக்கொள். இந்தியாவை ஒரு வார்த்தை கேட்காமல் வைஸ்ராய் யுத்தத்தில் இழுத்துவிட்டார், காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. ராமநாமம் சொல்லும் காந்தி 1942இல் வெள்ளையனே வெளியேறு என்கிறார். அதே ராமனைக் கும்பிடும் ராஜாஜி, நம்ம சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவரும் ஆனவர், ஜப்பான்காரன் வாசலில் நிற்கும்போது இது வேண்டாம் என்று காங்கிரஸை விட்டே விலகுகிறார். சாமி இல்லை என்ற பெரியாரும் யுத்தத்தில் வெள்ளைக்காரன் பக்கம். உங்கப்பாவின் கம்யூனிஸ்ட் கட்சி? ஹிட்லர் 1941 ஜூனில் ரஷ்யாவுக்குள் நுழைகிற வரை அது ஏகாதிபத்திய யுத்தம், அப்புறம் மக்கள் யுத்தம். பக்திமானும் நாத்திகனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ரெண்டு பக்திமான்கள் எதிரெதிராக நிற்கிறார்கள். இதில் சாமியை எந்தப் பக்கம் நிறுத்துவாய்?

இன்னொன்றும் வைத்திருந்தேன். ராஜாஜி 1962 செப்டம்பரில், 83 வயதில், கடல் தாண்டி வாஷிங்டன் போய்க் கென்னடியைப் பார்த்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார். கம்யூனிஸ்டுகளை அவருக்குக் கட்டோடு பிடிக்காது, அது உனக்கும் தெரியும். இருந்தும் ரஷ்யாக்காரனை மிரட்ட இன்னும் நாலு குண்டு செய் என்று அமெரிக்காக்காரனிடம் சொல்லவில்லை. அடுத்த மாதமே கியூபாவில் ஏவுகணை விவகாரம், அக்டோபர் 20ஆம் தேதி சீனாக்காரன் நம் எல்லைக்குள். ஆள் சிரிப்புக்கிடமாகியிருக்க வேண்டும். ஆனால் 1963 ஆகஸ்டில் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூணும் ஆகாயத்திலும் கடலுக்கடியிலும் சோதிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டன. அவர் போனதால்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. பூஜை பண்ணிவிட்டுப் போனவர் குண்டு வேண்டாம் என்று சொன்னார் என்பது மட்டும் உனக்குத் தெரியட்டும்.

மூணாவதுதான் பிரம்மாஸ்திரம் என்று நினைத்திருந்தேன். சேலம் சிறை, 1950 பிப்ரவரி 11. உங்கப்பா வருஷா வருஷம் அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டுச் சிவப்புத் துண்டு போட்டுக்கொள்வாரே, நமக்குக் காரணம் தெரியாமல் அன்றைக்கு லீவு என்று சந்தோஷப்படுவோமே. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேரைச் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். குடியரசாகிப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே எந்தச் சாமிடா வந்தது? அது முழுக்க அரசியல்தானே?

இதையெல்லாம் வரிசையாக அடுக்கி, உன்னை மடக்கிவிட்டேன் என்று ஒரு நாள் பூரா சந்தோஷமாக இருந்தேன். அக்கா வந்து கெடுத்தாள்.

அவள் பையன் அன்றைக்கு நம் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தானே, கவனித்தாயா? நாம் கத்திக்கொண்டிருந்தபோது எழுந்து வந்து டிவியை அணைத்தான். “மாமா, தண்ணி மோட்டார் போடணுமா?” என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். நான் அதைக் கவனிக்கவேயில்லை. அக்காதான் சொன்னாள்.

1999இல் அவனுக்கு இருபத்திரண்டு வயசு, பட்டாளத்தில் இருந்தான். விலாசம் 56 ஏபிஓ என்று பட்டாளத்துத் தபால் எண் மட்டும் வரும், ஆள் எங்கே இருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. கார்கில் செய்தி வர ஆரம்பித்ததும் நாங்கள் ஊரில் வசூல் பண்ணி, சேர்வராயன் கோயிலில் வெற்றிக்காக அர்ச்சனை செய்தோம். நூற்றெட்டுத் தேங்காய். முன்னாடி நின்று உடைத்தவன் நான்தான். அக்காவைக் கூப்பிட்டதற்கு, நீங்கள் போங்கள், நான் அப்புறம் வருகிறேன் என்றாள். எல்லாரும் இறங்கினபிறகு தனியாகப் போய், குனிந்து குகைக்குள் நுழைந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாளாம். பூசாரி பிற்பாடு சொன்னார். என்ன வேண்டிக்கொண்டாய் என்று இந்த ஜூனில்தான், இருபத்தாறு வருஷம் கழித்து, கேட்டேன்.

“வேறென்ன, அவன் வரணும்னுதான். அப்புறம் அங்க எதிர்ல இருக்கிறவனுக்கும் ஒரு அம்மா இருப்பாளேன்னு நினைச்சேன். அதைச் சாமிகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல, கேக்காமயே வந்துட்டேன்” என்றாள்.

அந்த யுத்தத்தில் நம் பக்கம் 527 பேர் திரும்பவில்லை. இவன் திரும்பினான், இடது காது மட்டும் சரியாகக் கேட்காது. திராஸ் பக்கம் இருந்ததாக ஒரு தடவை சொன்னான். போன வாரம் வேலி கட்டும்போது நானாக வாயைக் கிளறினேன். “மேல ஏர்றப்ப எல்லாரும் ஜே போட்டோம் மாமா. ரெண்டாவது நாள் யாரும் போடல. மூச்சு வாங்குச்சு.” அவ்வளவுதான். கம்பியை முறுக்கப் போய்விட்டான்.

நான் தேங்காய் உடைத்ததும் அவள் உட்கார்ந்திருந்ததும் ஒரே சாமி முன்னால்தான். ஆகையால் நீ சொன்னதும் தப்பு, நான் அடுக்கினதும் வீண். யுத்தம் நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நாம் பேசுகிறோம் என்று எனக்குப் படுகிறது. மே 10 அன்று எனக்கு அது ரொம்ப தூரத்தில் இருந்தது. அந்த நாற்காலிக்காரனுக்கு இல்லை. உனக்கும் தூரம்தான்டா, மறைக்காதே. நீயும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்காகச் சண்டையே கூடாது என்று நான் மாறிவிட்டேன் என நினைக்காதே. மதத்தைக் கேட்டுவிட்டுச் சுட்டார்கள் என்று பஹல்காமில் தப்பித்தவர்கள் சொன்னதை நினைத்தால் இன்னமும் ரத்தம் கொதிக்கிறது. என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. “முடிச்சிருப்பாங்க” என்ற வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யாரை முடிப்பது?

நீ எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. “கற்பூரம் காட்டினவன்” என்று சொன்னாயே, அது அக்கா காதில் விழுந்தது. அவள் கோபப்படவில்லை. “சாப்பிடாம போயிட்டான், பாவம்” என்றாள். பெரியார் ராஜாஜியின் தகனத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்து அழுதார் என்று நீதான் ஊரெல்லாம் சொல்லித் திரிவாய். நீ அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டாம், உயிரோடு இருக்கும்போதே வா.

ஆடிப் பதினெட்டுக்கு வந்தால் நல்லது. அஸ்தம்பட்டியில் பஸ் ஏறுமுன் தட்டுவடை செட் நாலு வாங்கிக்கொள், ஒன்றை வழியில் தின்னாமல் கொண்டுவா. அக்கா பையன் கேரம் போர்டைத் துடைத்து வைத்திருக்கிறான். அவன் இடது பக்கம் உட்காராதே, கேட்காது. டிவியைப் பற்றிக் கவலைப்படாதே. ரீசார்ஜ் முடிந்து மூணு வாரமாச்சு, இன்னும் போடவில்லை.

உன்,
சேர்வராயன் மலைக்காரன்