தோளைப் பிடித்துக்கொண்டு பாடியவன்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பாடம். ஆமாம், அறுபதைத் தாண்டிய பிறகு பாடம் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் உன் முழங்கால். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் நிம்மதி. பத்தாவது நாளே மாடிப்படி ஏறிவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். யார் கேட்டார்கள் உன்னை? டாக்டர் சொல்கிற வரைக்கும் கீழேயே கிட.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம் அமெரிக்கா போகிறேன். டென்னசி மாநிலத்தில் இரண்டு வாரம் காஸ்பல் என்கிற கிறிஸ்தவப் பாட்டு முகாம். அங்கே இருக்கிற மகள்தான் பெயர் கொடுத்தாள். "வருஷா வருஷம் வந்து ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்குப் பதில் இதைச் செய்யுங்கள்" என்றாள். நியாயம்தான்.

காஸ்பல் என்றதும் உனக்கு நீள அங்கி, கைதட்டல், ஆர்கன் எல்லாம் கண்ணில் வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அது 1930களில் சிகாகோவில் தாமஸ் டார்சி போன்றவர்கள் வளர்த்த கறுப்பின மக்களின் காஸ்பல். நான் போவது அதன் பெரியப்பா வீட்டுக்கு என்று வைத்துக்கொள். தென் மாநிலக் கிராமங்களில், அறுவடை முடிந்த நாட்களிலோ வேலை குறைந்த வெயில் காலத்திலோ, ஊர் ஊராகப் போகும் வாத்தியார் ஒருவர் வந்து இரண்டு வாரம் தங்கி, பாட்டின் ஸ்வரங்களைக் குறிக்கிற நோட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பாட்டுப் பள்ளிகளின் வாரிசுதான் இந்த முகாம். (அங்கேயும் கறுப்பின மக்கள் தனியாக இதே முறையில் மாநாடு நடத்திப் பாடியிருக்கிறார்கள். நோட்டு ஒன்றுதான், பெஞ்சுதான் வேறு வேறு. அந்தக் காலத்து நிறப் பாகுபாட்டுக் கதை தெரியும்தானே.)

இதில் விசேஷம் நோட்டின் வடிவம். ஐந்து கோடு அப்படியே இருக்கும். ஆனால் கோட்டின் மேல் உட்காரும் தலை மட்டும் ஸ்வரத்துக்கு ஒரு உருவம். டோ, அதாவது நம் ஸ, என்றால் முக்கோணம். ரே ஒரு கிண்ணம். மி வைரம். ஃபா செங்கோண முக்கோணம், கொடி மாதிரி. சோல் சாதாரண வட்டம். லா சதுரம். டி இருக்கிறதே, அது அச்சு அசலாக ஐஸ்கிரீம் கோன். 1801லேயே நாலு வடிவத்தில் புத்தகம் வந்திருக்கிறது. ஏழு ஸ்வரத்துக்கும் ஏழு வடிவம் கொண்டுவந்தவர் ஜெஸ்ஸி அய்கின், 1846இல். சுருதி எங்கே போனாலும் டோ முக்கோணம்தான். நம்முடைய ஸட்ஜம் மாதிரி, வைத்த இடம் வீடு. ஸ்வரத்தை அரைப்படி ஏற்றுகிற ஷார்ப் எத்தனை, இறக்குகிற ஃபிளாட் எத்தனை என்று எண்ணுகிற வேலை பாடுகிறவனுக்குக் கிடையாது.

நமக்கென்ன, டோ ரே மியை எழுத்தால் குறிக்கிற சோல்ஃபாவில் ஊறியவர்கள்தானே என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் சர்ச் கொயரில் முக்காற்புள்ளியும் எழுத்துமாக டைப் அடித்த அந்த மஞ்சள் காகிதங்களை எத்தனை வருஷம் கையில் வைத்திருந்தோம்! ஜான் கர்வன் இங்கிலாந்தில் பரப்பிய முறை, கடல் தாண்டி வந்து நம் கையில் கார்பன் காப்பியாகக் கிடந்தது. அதுவும் இதுவும் ஒரே டோ ரே மிதான். எழுத்துக்குப் பதில் உருவம், அவ்வளவுதானே என்று முதல் பாட்டைத் திறந்தேன். இரண்டு வரி தாண்ட முடியவில்லை பங்காளி.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக உன்னிடம் மறைத்தது.

எனக்கு சோல்ஃபா படிக்கத் தெரியாது. எழுத்துகள் தெரியும், தாளம் தெரியும். ஆனால் பார்த்த மாத்திரத்தில் பாட ஒருநாளும் வந்ததில்லை. நான் பாடியதெல்லாம் உன்னைக் கேட்டு. உன் இடது தோளுக்குப் பக்கத்தில் என் வலது காதை வைத்துக்கொண்டு, நீ ஒரு ஸ்வரத்தைத் தொட்டதும் அரை நொடியில் நானும் அதன் மேல் ஏறிக்கொள்வேன். இரண்டாம் தடவை பாடும்போது மனப்பாடமாகியிருக்கும். காகிதம் கையில் சும்மா அழகுக்கு.

அந்த டிசம்பர் ஞாபகமிருக்கிறதா, உனக்குக் காய்ச்சல் என்று நீ வராத சனிக்கிழமை? புதுப் பாட்டு. மாஸ்டர் "பேஸ் மட்டும்" என்று நம் அடிக்குரல் வரிசைக்குக் கை காட்டினார். நான் இருமினேன். இன்னும் கொஞ்சம் இருமினேன். அவர் பாவம், வெந்நீர் கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பினார். தொண்டை கட்டியிருக்கிறது என்று எல்லாரும் விசாரித்தார்கள். நீகூட மறுவாரம் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தாய். அந்த மாத்திரைக்குத்தான் இப்போது நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல் இருமித் தப்பிக்க முடியாது. இந்தப் பாட்டுகளில் பேஸ் பின்வரிசைக்காரன் இல்லை. சரணத்தில் நாலு குரலும் சேர்ந்து நடக்கும். கோரஸ் வந்ததும் பல பாட்டுகளில் பேஸ் முன்னால் போய்விடுகிறது. நாம் ஒரு அடியைப் பாட, மற்ற மூன்று குரலும் பின்னாலேயே துண்டு துண்டாகப் பதில் சொல்லிக்கொண்டு வரும். பேஸ் தடுக்கினால் பாட்டே தடுக்கும். அதுவும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு இல்லை. புதுப் புத்தகத்தைத் திறப்பார்களாம், ஒருவர் எழுந்து தாளம் காட்டுவாராம், பாட வேண்டியதுதான். கேட்பதற்கென்று எதிரே ஆள் கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் பாடுகிறவர்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னை இழுத்தது என்று நினைக்கிறேன். தென் டென்னசியில் லாரன்ஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர். ஜேம்ஸ் வான் என்பவர் அங்கே பாட்டுப் புத்தகம் அச்சடித்து விற்றார். விற்பனைக்காக 1910இல் நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்து, பாடிக் காட்டச் சொல்லி ஊர் ஊராக அனுப்பினார். ஜனங்கள் புத்தகமும் வாங்கினார்கள், அந்த நாலு பேரின் பாட்டும் அவர்களுக்குப் பிடித்துப்போனது. அதிலிருந்துதான் காஸ்பல் குவார்டெட், அதாவது நாலு பேர் பாடும் குழு, தொழிலாகவே ஆனது. எனக்கென்னவோ இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. எல்லாரும் பாட வேண்டும் என்று விற்கப் போன புத்தகம், பாதிப் பேரை உட்கார்ந்து கேட்க வைத்துவிட்டது. நம் கொயரிலும் மைக் வந்த பிறகு சபையார் பாடுவது குறைந்ததே, கவனித்தாயா? இதை மாஸ்டரிடம் ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விசா வேலை சீக்கிரம் முடிந்தது. படிப்பு என்றால் மாணவர் விசா வேண்டுமோ என்று பயந்தேன். பட்டம், மதிப்பெண் எதுவும் தராத சின்னப் பொழுதுபோக்கு வகுப்பென்றால் சுற்றுலா விசாவே போதுமாம். டிஎஸ்-160 படிவத்தை மகள் போனிலேயே வழி சொல்லி நிரப்ப வைத்தாள். நேர்காணலில் அந்தப் பெண் அதிகாரி "என்ன குரல்?" என்று கேட்டார். "பேஸ்" என்றேன். பதற்றத்தில் அது கீச்சென்று வந்தது. சிரித்துவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார்.

தொண்டைக்கு ஒரு ஸ்ட்ரா பயிற்சி செய்கிறேன். தம்ளரில் பாதித் தண்ணீர், அதற்குள் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வரும்படி ஊதிக்கொண்டே கீழ் ஸ்வரத்திலிருந்து மேலே முனகிக்கொண்டே போக வேண்டும். ஐந்து நிமிஷம். முதல் நாள் சட்டையெல்லாம் தண்ணீர். ஆனால் குரல் இளகுவது நன்றாகத் தெரிகிறது. ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் பாட வேண்டியிருக்குமாம், கத்தினால் மூன்றாம் நாளே முடிந்துவிடும். கனைத்துக்கொள்ளும் பழக்கத்தை வேறு விட வேண்டும். கனைப்பதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர். அப்புறம், காலை ஆறு மணிக்கு என் கீழ் ஸ்தாயியைக் கேட்டால் நீயே பொறாமைப்படுவாய். தூங்கி எழுந்ததும் குரல்நாண் கொஞ்சம் வீங்கியிருப்பதால் அப்படியாம். பத்து மணிக்கு அந்தச் சொத்து காணாமல் போய்விடுகிறது.

சுருதிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அங்கே 120 வோல்ட், நம்முடையது ஒத்துக்கொள்ளாது. போனில் ஒரு சுருதி போதும்.

பாடம் இப்படி நடக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஏழு வடிவங்களையும் கறுப்பு மையில் பெரிதாக வரைந்து அட்டையாக வெட்டினேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரி ஒவ்வொன்றாகக் காட்டுவாள், நான் பாட வேண்டும். டோவும் ஃபாவும் இரண்டும் முக்கோணம், அங்கேதான் தொடர்ந்து சறுக்குகிறேன். வாழ்நாளில் கொயர் பக்கம் வராதவள், நாலாவது நாள் எனக்கு முந்திச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "இது கொடி, இது கூரை, இது கூடவா தெரியவில்லை?" என்கிறாள். கூரை வீடு, அதனால் டோ. அவள் சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

நேற்று முதல் தடவையாக ஒரு பேஸ் வரியை, யாரும் பாடிக் கேட்காமல், தாளில் இருந்தே எட்டு தாள அளவு பாடினேன். பியானோ ஆப்பில் சரிபார்த்தேன். ஒரே ஒரு லா மட்டும் தப்பு. அவளைக் கூப்பிட்டு மறுபடி பாடிக் காட்டினேன், இரண்டு இடத்தில் தப்பு வந்தது.

முகாமில் பயிற்சிக்கென்று அனுப்பிய ஒரு பக்கத்தைப் படமெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குப் பார்த்ததுமே வந்துவிடும், தெரியும். வாய் துறுதுறுக்கும். தயவுசெய்து பாடிப் பதிவு செய்து அனுப்பிவிடாதே. நான் கிளம்புவது ஜூலை மூன்றாம் தேதி. அதற்குள் நானே பாடி உனக்கு அனுப்புகிறேன். அப்புறம் நீ அனுப்பு.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் பழைய பக்கத்து இருக்கைக்காரன்